மலையேறும் பல்லுறை

பல்லுக்கு உறையிடும் பணி, பல்லைக் குறைப்பதில்தான் தொடங்குகிறது. மருத்துவர் பல்லின் நாற்புறத்திலும் தலைப்பகுதியிலும் 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை சீவி எடுத்து, எஞ்சிய தண்டின்மேல் உறையைப் பசையிட்டு ஒட்டுகிறார். மக்கள் இதைக் ‘கேப் போடுதல்’ என்பர். ஒரு பல்லோடு முடிந்தால் நோவு சிறிது. ஆனால் எட்டு, பத்துப் பற்களுக்கு ஒருசேர உறை தேவைப்படுவோரும் உளர். பழனி மலையடிவாரத்து நிலக்கோட்டை வட்டாரத்தின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. குடிநீருக்கு இந்தியத் தர அமைவனம் வகுத்த மேல் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அதை மீறிய நீரை இளமையிலேயே பருகி வளர்ந்தோரின் பற்கள் கறை படிந்து, கடுமையான நிலையில் பொரிந்து உதிரும். அத்தகையோர்க்கு உறை அழகுப்பொருளன்று. மெல்லுதற்கே அதுதான் வழி.

அவ்வாறு பல உறைகள் இட்டுக்கொண்ட ஒருவர் கொடைக்கானலுக்கு ஏறினால், அவரை முதலில் சோதிப்பது குளிர். பற்சிப்பிக்கு அடியில் டென்டைன் என்னும் அடுக்கு உண்டு. அதன் ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பில் பல்லாயிரம் நுண்குழல்கள் நிறைந்துள்ளன. மயிரிழையினும் பன்மடங்கு மெல்லியவை. அவற்றுள் நீர்மம் நிரம்பியிருக்கிறது. குளிர் பட்டதும் அந்நீர்மம் வெளிநோக்கி நகர, உள்முனையில் உள்ள நரம்பிழைகள் தூண்டப்பெற்றுச் சுரீரென்று வலிக்கிறது. இவ்விளக்கத்தை 1960களில் ஆய்வுகளால் நிலைநிறுத்தியவர் சுவீடன் நாட்டு மார்ட்டின் பிரான்ஸ்டிராம். சிப்பியைச் சீவிய பல்லில் இக்குழல்களின் வாய்கள் திறந்துவிடுகின்றன. மேலே உலோக உறை அமர்ந்தால் அது தட்பத்தை விரைந்து கடத்தும்; சிர்க்கோனியா உறை மெல்லக் கடத்தும்.

சனவரி விடியலில், புல்தரையில் உறைபனி படிந்திருக்கும் பொழுதில், குழாய்நீரை நேரே வாயிலிட்டுக் கொப்பளித்தால் புதிய உறைகள் அனைத்தும் ஒரே நொடியில் கூசும். அக்கூச்சம் சில நொடிகளில் அடங்குமாயின் அஞ்ச வேண்டியதில்லை. நாளடைவில், பெரும்பாலும் சில வாரங்களில், அது தணியும். அதுவரை வெதுவெதுப்பான நீரையே பயன்படுத்துக. வெளியே செல்கையில் வாயைத் துணியால் மூடி மூக்கால் மூச்சு விடுக. பொட்டாசியம் நைட்ரேட்டு கலந்த பற்பசையும் கூச்சத்தைக் குறைக்கும்.

உயரத்தைப் பற்றியும் ஒரு சொல். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கே. பயணிகள் வானூர்தியின் உள்ளறை அழுத்தமும் ஏறத்தாழ இவ்வளவுதான். இரண்டாம் உலகப்போர்க் கால விமானிகளிடம் மருத்துவர்கள் பெரிதும் கண்ட அழுத்தமாறுதல் பல்வலி, நலமான பல்லில் எழுவதில்லை. முன்பே சொத்தையோ அழற்சியோ உள்ள பல்லில்தான் எழுகிறது. ஆகவே மலையேறும்போது ஒரு பல் மட்டும் விண்ணென்று தெறித்தால், அப்பல்லை மருத்துவரிடம் சுட்டிக்காட்டுங்கள்.

வலி மாத்திரைக்கும் வேளை உண்டு. பல் பணிக்காக இட்ட ஊசியால் கீழ்த்தாடையில் உண்டாகும் மரப்பு 3 முதல் 5 மணி நேரம் நீடிக்கலாம். மதுரையில் பிற்பகலில் பணி முடித்துப் புறப்படுபவருக்கு மலைப்பாதையின் வளைவுகளிலேயே மரப்பு விலகக்கூடும். வலி முற்றியபின் விழுங்கும் மாத்திரை தாமதமாகவே ஆளும். எனவே மரப்பு இருக்கும்போதே, உண்டபின், வண்டி மலையேறத் தொடங்குமுன் அதை எடுத்துக்கொள்வது நன்று. பல்வலிக்கு அழற்சி தணிக்கும் மருந்தைத் தனித்தோ பாரசிட்டமாலுடன் சேர்த்தோ முதலில் தருமாறு அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல் கூறுகிறது. பெரியவர்களுக்கு இபுபுரூபன் 400 மில்லிகிராமும் பாரசிட்டமால் 500 மில்லிகிராமும் வழக்கமான அளவு. குடற்புண், சிறுநீரகக் குறைபாடு உள்ளோரும், கருவுற்றோரும், குருதி உறையாதிருக்க மருந்து உண்போரும், டெங்கு என ஐயுறும் காய்ச்சல் கண்டோரும் இபுபுரூபனைத் தாமே எடுக்கலாகாது. நெடுநேரம் வாய் திறந்ததால் கன்னத்தில் எழும் கடுப்புக்கு வெந்நீர் ஒத்தடமும், சில நாள் மென்மையான உணவுமே போதும்.

கொடைக்கானல் கடைவீதியில் தைலமர எண்ணெயோடு கிராம்பு எண்ணெயும் கிடைக்கும். அதன் பெரும்பங்கான யூஜினால் நரம்பை மரக்கச் செய்வது மெய்யே. ஆயினும் கலப்பின்றித் தடவினால் ஈறு வெந்துபோகும். சிறுவர் விழுங்கினால் ஈரல் கெடும். உறையை ஒட்டும் பிசின்வகைப் பசை இறுகுவதையும் யூஜினால் தடுக்கும். நிலையான உறைக்காகத் தற்காலிக உறையோடு காத்திருப்பவர், அதைத் தடவியிருந்தால் மருத்துவரிடம் மறவாது சொல்ல வேண்டும்.

இவை அனைத்தினும் எனக்கு முதன்மையாகத் தோன்றுவது கடிப்பொருத்தம். பல்லைத் தாங்கும் நார்த்திசு ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் தடிப்பே உள்ளது. உறை ஒரு தாளின் அளவு உயர்ந்துவிட்டாலும், ஒவ்வொரு கடியிலும் அப்பல்லே முதலில் அறைபடும். மரத்த வாய்க்கு அது தெரியாது. மருத்துவர் வண்ணத்தாளைப் பற்களிடையே வைத்துக் கடிக்கச் சொல்வார். உறையின்மேல் ஓரிடத்தில் மட்டும் அடர்நீலப் புள்ளி விழுந்தால் அதுவே மேடு. அதை இழைத்துவிட்டால், மாத்திரைக்கு அடங்காத வலியும் சில நாளில் அடங்கும். மலைவாழ்வோர்க்கு இதற்கென மீண்டும் இறங்கி ஏறுவது ஒருநாட் பாடு. ஆதலால் அரைமணி நேரம் கூடுதலாயினும் இருந்து, இருபுறமும், பக்கவாட்டிலும் கடித்துக் காட்டிவிட்டே எழ வேண்டும். மரப்பு நீங்கியபின் ‘இந்தப் பல் முந்துகிறது’ என்று தோன்றினால், பழகட்டும் என்று காத்திராமல் உடனே செல்ல வேண்டும்.

காத்திருக்கலாகாத வலி மற்றொன்றும் உண்டு. சூடான காப்பி பட்டதும் எழுந்து பல நிமிடம் நீடிப்பது, நள்ளிரவில் தானாக எழுப்புவது, படுத்தால் மிகுவது, குளிர்நீரை வாயில் வைத்தால் தணிவது. பல்லின் உள்ளிருக்கும் பற்கூழ் மீளாத அழற்சியில் சிக்கியதற்கு இவை அடையாளம். வீக்கமோ காய்ச்சலோ இல்லாத இந்நிலையில் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை வலியைக் குறைக்காது. வேர்ச்சிகிச்சையே தேவை; அதற்காக உறையைக் கழற்றி எறிய வேண்டியதுமில்லை. பெரும்பாலும் உறையின் மேற்பரப்பில் சிறு துளையிட்டு, அதன் வழியே பற்கூழை அகற்றி வேர்க்குழல்களை நிரப்பிய பின், துளையை அடைத்து அதே உறையைப் பயன்படுத்த முடியும்.