வெளிநாட்டில் படித்ததை வேலை கொடுப்பவரிடம் எப்படிச் சொல்வது?

விழுப்புரம் மாவட்டத்தில் நெல் வரத்துக்குப் பேர்போன செஞ்சியில், விவசாயக் குடும்பத்துப் பிள்ளைக்கும் வெளிநாட்டுப் படிப்பு எட்டாக்கனி இல்லை. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. அதே அரசு 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டத்தில் 25 மாணவர்கள் 2024 ஜூனில் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சிக்குப் போய்வந்தார்கள். போவதற்கு வழிகாட்ட ஆள் உண்டு. திரும்பி வந்து வேலை தேடும்போதுதான் பிள்ளைகள் தனித்து நிற்கிறார்கள்.

ரெஸ்யூமில் ‘வெளிநாட்டு அனுபவம் உண்டு’ என்று எழுதினால் எச்.ஆர். அதிகாரிக்கு ஒன்றும் விளங்காது. எந்தப் பாடம், என்ன ப்ராஜெக்ட், குழுவில் எத்தனை பேர், அதில் உங்கள் பங்கு என்ன என்று எழுதுங்கள். ஒரு வாரப் பயிற்சியை ஒரு வாரம் என்றே சொல்லுங்கள். ஊதிச் சொன்னால் இரண்டாவது கேள்வியிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

மதிப்பெண்ணில் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஜெர்மனியில் 1.0தான் உச்சம், 4.0 வந்தால் தேர்ச்சி, 5.0 என்றால் தோல்வி. பத்துக்கு எத்தனை என்றே பார்த்துப் பழகிய சென்னை நிறுவனத்தில் 1.3 வாங்கிய கெட்டிக்காரரின் ரெஸ்யூம் ஓரங்கட்டப்படலாம். எண்ணுக்குப் பக்கத்திலேயே ‘1.0 உயர்ந்தது, 4.0 தேர்ச்சி எல்லை’ என்று எழுதிவிட வேண்டும். ஐரோப்பாவில் ஓராண்டு முழுப் படிப்புக்கு 60 கிரெடிட் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பகுதி நேர வேலையைப் பலர் மறைக்கிறார்கள். அது வேண்டாம். இங்கிலாந்தில் பட்டப்படிப்பு மாணவர்கள் கல்லூரி நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். கடையில் பில் போட்டவர், கோபமாக வந்த வாடிக்கையாளரை வேற்று மொழியில் சமாளித்திருப்பார். இன்டர்வியூவில் அந்த ஒரு சம்பவத்தை முழுசாகச் சொன்னால் போதும். ‘எனக்குப் பேச்சுத்திறன் உண்டு’ என்று தனியாகச் சொல்லவே வேண்டாம்.

கற்றதை இங்குள்ள வேலையோடு பொருத்திக் காட்டுவது இன்னும் முக்கியம். உதாரணத்துக்குச் செஞ்சிக் கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராத்தியர் காலக் கோட்டைகள் 12 சேர்ந்தன. மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி மட்டுமே. சுற்றுலா படித்துத் திரும்பியவர், வெளிநாட்டில் ஒரு கோட்டையில் கூட்டத்தை எப்படிப் பிரித்து அனுப்பினார்கள் என்று சொல்லி, செஞ்சியின் கல்யாண மகாலுக்கும் ராஜகிரி மலை ஏற்றத்துக்கும் அது எப்படிப் பொருந்தும் என்று விளக்கட்டும். கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

விழுப்புரம் மாவட்டக் கல்லூரிகளின் பிளேஸ்மென்ட் பிரிவுகள், போய்வந்தவர்களை உட்காரவைத்து இதற்குப் பயிற்சி தர வேண்டும். மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: டிரான்ஸ்கிரிப்ட், பாடத்திட்டம், பேராசிரியரின் கடிதம் மூன்றையும் ஊர் திரும்ப விமானம் ஏறுவதற்கு முன்பே கையில் வாங்கிவிடுங்கள். முழுப் பட்டம் பெற்றவர்கள், அது இந்தியப் பட்டத்துக்கு இணையானது என்னும் சான்றுக்கும் விண்ணப்பியுங்கள். 2025 ஏப்ரலில் வந்த விதிகளின்படி அந்தச் சான்றை யு.ஜி.சி.யே வழங்குகிறது.