கிறிஸ்துமஸ் மரம் வாங்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க!



சிவகாசி பக்கத்துக் கிராமம் ஒன்றில் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஓர் உறுப்பினர் 2,000 ரூபாய் உள்கடன் கேட்டார். "என்ன செலவுக்குக்கா?" என்றேன். "பிள்ளைங்க கிறிஸ்துமஸ் மரம் கேக்குதுங்க. முன்னாடி சவுக்குக் கிளையை வெட்டி, வாளி மண்ணுல நட்டுருவோம். இப்ப கடை மரம்தான் வேணுமாம்" என்றார்.

ஆசைப்படுவது தப்பில்லை. ஆனால் வாங்குமுன் இரண்டு விஷயம் யோசிக்கணும்: கடன், தீ.

கடன்: நூற்றுக்கு 2 ரூபாய் வட்டியில் 2,000 ரூபாய் எடுத்து, மாதம் 200 அசல் கட்டினால், 10 மாதத்தில் வட்டி மட்டும் 220 ரூபாய். அதற்குள் அடுத்த கிறிஸ்துமஸே நெருங்கிவிடும்! கையில் இருக்கும் காசுக்குச் சின்ன மரம் போதும். ஜனவரியில் இருந்து மாதம் 100 ரூபாய் ஒதுக்கினால் நவம்பருக்குள் 1,100 சேர்ந்துவிடும்.

கடையில் பார்க்க வேண்டியவை:

* வீட்டுக் கூரை உயரத்தை அளந்துட்டுப் போங்க. உச்சியில் வைக்கும் நட்சத்திரத்துக்கும் இடம் வேணும்.
* மரத்தை நிறுத்திக் காட்டச் சொல்லுங்க. லேசாகத் தட்டினால் சாயக் கூடாது. இரும்புக் கால் நல்லது.
* கிளையை விரித்து மடக்கிப் பாருங்க. இலை உதிர்ந்தால் வேண்டாம்.
* பெரும்பாலான மரம் பி.வி.சி. பிளாஸ்டிக். மட்ட ரகத்தில் ஈயம் கலந்திருக்கலாம். குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கோங்க.
* எல்.இ.டி. சீரியல் விளக்கில் பி.ஐ.எஸ். பதிவு முத்திரை இருக்கா என்று பாருங்க.
* பில் கேட்டு வாங்குங்க. ஏமாற்றினால் நுகர்வோர் உதவி எண் 1915.

தீ: "தீப்பிடிக்காது" என்று அட்டையில் எழுதியிருந்தால், எளிதில் பிடிக்காது என்றுதான் அர்த்தம். பிடித்தால் உருகி, நச்சுப்புகை வரும். மரத்தில் மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம். தூங்கும்போதும் வெளியே போகும்போதும் விளக்கு பிளக்கைப் பிடுங்கிடுங்க.

பட்டாசு ஆலைக்குப் போகும் சகோதரிகளே, வேலைத் துணியில் மருந்துத் தூள் ஒட்டியிருக்கும். குளித்துத் துணி மாற்றிய பிறகே அடுப்பு, விளக்குப் பக்கம் போங்க. வீட்டில் மருந்து அடைப்பது சட்டப்படி குற்றம். அந்த வீட்டில் ஒரு பொறி விழுந்தாலே போதும், குடும்பமே போய்விடும்.

கிறிஸ்துமஸ் இரவில் வெடி போடவும் நேரம் உண்டு. 2018-இல் உச்ச நீதிமன்றம் இரவு 11.55 முதல் 12.30 வரை மட்டுமே அனுமதித்தது. வெடிகளை மரத்தடியில் அடுக்கி வைக்காதீங்க.

பண்டிகை முடிந்ததும் மரத்தைக் கழற்றி, எலி புகாத பெட்டியில் வைத்தால் பல வருஷம் வரும். பழசானால் குப்பையோடு எரிக்காதீங்க. அந்தப் புகை நம்ம பிள்ளைகளுக்குத்தான் கெடுதல்.

அந்த அக்கா கடைசியில் கடன் வேண்டாம் என்று சொல்லி, சேமித்த காசில் 3 அடி மரம் வாங்கினார். பிள்ளைகள் வண்ணக் காகிதத்தில் நட்சத்திரம் வெட்டித் தொங்கவிட்டார்கள்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்: நம் குழுவில் பண்டிகைச் செலவுக்கு எத்தனை பேர் கடன் வாங்குகிறோம்? அதை முன்கூட்டியே சேமிக்க முடியாதா?