'குடை' மூடிக்கிச்சு... பதறாதீங்க பாஸ்!

உங்க ஃப்ரெண்ட் ஒருத்தன் பத்து நாளா முகம் கொடுக்காம, சாப்பிடாம, போர்வையை இழுத்து மூடிக்கிட்டுப் படுத்திருந்தா என்ன பண்ணுவீங்க? ப்ளீஸ், நான் பண்ணினதை மட்டும் பண்ணிடாதீங்க.

என் ஃப்ரெண்ட் ஒரு பவளம். மென்பவளம். ஜாதகப் பேரு சார்க்கோஃபைட்டான், கடையில் 'டோட்ஸ்டூல் லெதர்'னு கேட்டா எடுத்துக் கொடுப்பாங்க. காளான் மாதிரி விரிஞ்சு நிக்கும் என்பதால், எங்க வீட்டில் அது 'குடை'. சீனியர் ஒருத்தர் தன் தொட்டியில் வளர்ந்த பவளத்திலிருந்து துண்டு வெட்டி வளர்த்தது. புனேயில் வேலை கிடைச்சுக் கிளம்பும்போது, "பத்திரமா பாத்துக்கோடா"ன்னு என் கையில் கொடுத்துட்டுப் போனார்.

(ராமேஸ்வரம் டூர் போனப்ப கடல்லயிருந்தே ஒரு துண்டு எடுத்துட்டு வந்திருக்கலாமேன்னு யோசிக்கிறீங்களா? மன்னார் வளைகுடா 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. கல் பவளமும் கடல் விசிறியும் 2001-லேயே வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குப் போயாச்சு. கை வெச்சா கம்பிதான்!)

குடையின் தலை முழுக்க குட்டிக் குட்டியா பூ மாதிரி பாலிப்கள். ஒவ்வொண்ணுக்கும் கரெக்டா எட்டு இதழ். உடம்புக்குள்ளே நுண்பாசி குடியிருக்கு. வெளிச்சத்தில் பாசி சமைக்கும், பவளம் பங்கு வாங்கிக்கும். நம்ம ஹாஸ்டல் மெஸ்ஸைவிட நல்ல ஏற்பாடு!

போன மே மாசம், எட்டு நாள் இன்-ப்ளான்ட் ட்ரெய்னிங் போயிட்டு வந்து பார்த்தா, ஒரு பாலிப்கூட வெளியே இல்லை. தலை வழவழன்னு மெழுகு பூசின மாதிரி சுருங்கிக் கிடக்குது. பதறிட்டேன். முதல் நாள் லைட்டுக்குப் பக்கத்தில் தூக்கி வெச்சேன். ரெண்டாம் நாள் அயோடின் சொட்டு. மூணாம் நாள் பம்ப்பை நேரா அது மூஞ்சிக்குத் திருப்பினேன். நாலாம் நாள் ஓரமெல்லாம் வெளிறிப்போச்சு. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் 'ஹன்ட்டிங்'னு படிச்சிருப்பீங்களே... சிஸ்டம் நிலைக்கு வர்றதுக்குள்ளே திருத்தித் திருத்தியே அதை ஆட வைக்கிறது. அந்தப் பேப்பர்ல நான் 82 மார்க். கேவலம்!

கடைசியில் கொளத்தூர் மீன் மார்க்கெட்டில் தெரிஞ்ச அண்ணன்கிட்ட ஓடினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "உப்பு பார்த்தியா?"

"பார்த்தேண்ணா, 1.025. கரெக்டா இருக்கு."

"எதுல பார்த்தே?"

பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர். அதன் முள்ளில் உப்பு படிஞ்சு கனத்துப்போனா, அளவு குறைச்சலாத்தான் காட்டும். கொண்டுபோன தண்ணியை அவர் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டார். 1.030!

எப்படி? வெயிலுக்கு ஃபேன் வெச்சுத் தொட்டியைக் குளிர வைக்கிறேன். தினம் ஒரு லிட்டர் ஆவியாகும். போறது தண்ணி மட்டும்தான், உப்பு உள்ளேயே நிக்கும். அதனால் நல்ல தண்ணிதான் ஊத்தணும். நான் கிளம்பும்போது, "வெள்ளைக் கேன்லயிருந்து தினம் ஒரு லிட்டர் ஊத்தும்மா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். வெள்ளைக் கேன் ரெண்டு இருந்தது. ஒண்ணில் தண்ணி மாத்துறதுக்காக நானே கலக்கி வெச்ச உப்புத் தண்ணி. அம்மா எட்டு நாளும் தவறாம ஊத்தியிருக்காங்க. லிட்டருக்கு 35 கிராம்னா, 55 லிட்டர் தொட்டியில் 280 கிராம் உப்பு எக்ஸ்ட்ரா!

"ஒரே நாள்ல இறக்கிடாதே. உப்பு ஏறினதைவிட இறங்குற அதிர்ச்சிதான் ஆபத்து"ன்னார் அண்ணன். தினம் ஒன்றரை லிட்டர் தொட்டித் தண்ணியை எடுத்துட்டு, அதே அளவு உப்பில்லாத சுத்தத் தண்ணி. ஆவியானதுக்குத் தனியா நல்ல தண்ணி. அஞ்சு நாளில் உப்பு பழைய நிலைக்கு வந்துடுச்சு. குடையைப் பழைய இடத்திலேயே வெச்சு, பம்ப்பைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினேன். தண்ணி மேலே தடவிட்டுப் போனாப் போதும், அறையக் கூடாது. பவளம் எரிச்சலானா பக்கத்து ஆளுங்களை விரட்ட டெர்பீன்னு ரசாயனம் கக்கும். அதை இழுக்க ஒரு பை ஆக்டிவேட்டட் கார்பன்.

ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. இந்த இனம் எந்தப் பிரச்னையும் இல்லாட்டிக்கூட அப்பப்போ மெழுகுத் தோல் உரிக்கும். சில நாள், சமயத்தில் ஒண்ணு ரெண்டு வாரம் தலை காட்டாது. மேலே படிஞ்ச பாசியும் அழுக்கும் தோலோட போயிடும். உப்பு, சூடு ரெண்டையும் அளந்துட்டு சும்மா இருங்க. நாத்தமடிச்சு, பழுப்பாக் கூழாக் கரைஞ்சா மட்டும்தான் எமர்ஜென்சி. அப்போ கிளவுஸ் போட்டுக்கிட்டு, சுத்தமான பிளேடால் அழுகினதை நல்ல சதை வரைக்கும் வெட்டி எடுத்துடணும். மிச்சம் திரும்ப வளரும்.

பதினோராம் நாள் காலேஜ் பஸ்ஸில் இருக்கேன், அம்மா போன். "டேய், தோல் உரிஞ்சு மிதக்குதுடா. பூவும் எட்டிப் பார்க்குது!"

சாயங்காலம் வந்து எண்ணினேன். பதினாலு பாலிப். கேன் ரெண்டிலும் அம்மா மார்க்கரில் கொட்டை எழுத்தில் எழுதி வெச்சிருந்தாங்க. ஒண்ணில் 'கடல்'. இன்னொண்ணில் 'மழை'.