மதுரை – சென்னை: வானத்தில் எத்தனை கிலோமீட்டர்?

நம் ஹாஸ்டலில் யாராவது “பிளேன்ல மதுரையிலேர்ந்து மெட்ராஸ் எவ்வளவு நேரம்டா?” என்று கேட்டால் போதும், தூரத்தை வேகத்தால் வகுத்து உடனே விடை சொல்லிவிடுவோம். முதலாண்டு பிசிக்ஸ் அப்படித்தானே சொல்லிக் கொடுத்தது! ஆகாயத்தில் அந்தக் கணக்கு அவ்வளவு சுலபமாகச் செல்லுபடி ஆவதில்லை.

முதலில் தூரம். ரயிலில் 490 கி.மீ.க்கு மேல், சாலையில் சுமார் 460. விமானத்துக்கோ வளைவு நெளிவு கிடையாது. கால்குலேட்டரை எடுங்கள். மதுரை விமான நிலையம் 9.83 டிகிரி வடக்கு, 78.09 கிழக்கு, சென்னை 12.99 வடக்கு, 80.18 கிழக்கு. ஒரு டிகிரி 111 கி.மீ. ஆக வடக்கே 3.16 டிகிரி, அதாவது 351 கி.மீ. கிழக்கே 2.09 டிகிரி. இதை வெறும் 111-ஆல் பெருக்கக் கூடாது. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போவதால், நடு அட்சரேகையின் கொசைன் மதிப்பாலும் (0.98) பெருக்க வேண்டும். 227 கி.மீ. வரும். அப்புறம் நம்ம பிதாகரஸ்தான்! கர்ணம் 418 கி.மீ.

மணிக்கு 500 கி.மீ. போகும் ஏ.டி.ஆர். விமானத்துக்கு 50 நிமிடம், 800 கி.மீ. போகும் ஏர்பஸ்ஸுக்கு 31 நிமிடம். ஆனால் டிக்கெட்டில் இரண்டுக்குமே ஒன்றேகால் மணியை ஒட்டித்தான் போட்டிருப்பார்கள். காரணம், அது பறக்கும் நேரம் மட்டுமல்ல. நின்ற இடத்திலிருந்து நகர்ந்தது முதல் சென்னையில் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது வரை உள்ள நேரம். போதாக்குறைக்கு, 10,000 அடிக்குக் கீழே 250 நாட், அதாவது 463 கி.மீ.க்கு மேல் பொதுவாக வேகம் எடுக்கக் கூடாது. ஏறும்போதும் இறங்கும்போதும் ஜெட்டுக்குக் கடிவாளம். நடுவில் ஓடிக் காட்ட அதற்கு இடம் எங்கே இருக்கிறது?

காற்றையும் பார்க்கணும். விமானம் எதிர்காற்றில்தான் இறங்கும். கீழ்காற்று என்றால் தென்மேற்கிலிருந்து வரும் மதுரை விமானம் ஏறக்குறைய நேரே வந்து இறங்கிவிடும். ஆடி மாதத்து மேல்காற்று என்றால் ஊரைத் தாண்டிக் கடல்மேல் போய்த் திரும்பி வரவேண்டும்.

இதெல்லாம் சும்மா பொழுதுபோக்குக் கணக்கு அல்ல. மஸ்கட்டில் வேலைக்குச் சேர வேண்டிய என் சித்தப்பாவுக்கு ஒரு டிராவல் ஏஜென்ட், “அரை மணி நேரத்துல மெட்ராஸ்ணே” என்று சொல்லி, தனித்தனியாக இரண்டு டிக்கெட் போட்டுக் கொடுத்தார். சென்னையில் பெட்டி வரக் காத்திருந்து, தூக்கிக்கொண்டு பன்னாட்டு முனையத்துக்கு ஓடினால், கவுண்டர் மூடியாயிற்று. மறு டிக்கெட்டுக்குச் சித்தியின் வளையல் அடகுக்குப் போனது.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிப் புறப்பட்டால், இரண்டு விமானத்துக்கும் நடுவே நாலு மணி நேரமாவது விடச் சொல்லுங்கள். இல்லையேல் கடைசி ஊர் வரைக்கும் ஒரே டிக்கெட்டாகக் கேளுங்கள். அப்போது முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றி அனுப்புவது கம்பெனிக்காரர் பாடு.