தியாகராய நகர் அலமாரியில் போர்பன்

விஸ்கி என்ற ஒரே பெயரில் சென்னையில் விற்கப்படும் பானங்கள் மூலப்பொருளிலும் செய்முறையிலும் ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் நிற்பவை. தியாகராய நகர், அடையாறு போன்ற பகுதிகளின் எலைட் கடைகளிலும் மயிலாப்பூர் பக்கத்து நட்சத்திர விடுதிகளின் பார்களிலும் அமெரிக்கப் போர்பனும் ஸ்காட்லாந்தின் ஸ்காட்சும் பெங்களூருவின் சிங்கிள் மால்ட்டும் அருகருகே அடுக்கப்பட்டிருக்க, தெருமுனை டாஸ்மாக்கில் 'குவார்ட்டர்' என்று கேட்டு வாங்கப்படும் 180 மி.லி. புட்டியும் அதே பெயரைத் தாங்கி நிற்கிறது. இவற்றின் விலை வரிசையையே தர வரிசையாகக் கொள்வது பலரின் வழக்கம். ஆனால் சரக்கு எந்த வழியாக வந்தது, வழியில் எத்தனை வரி கட்டியது என்பதைத்தான் அந்த விலை முதலில் சொல்கிறது. புட்டிக்குள் இருப்பதன் இயல்பை அறிய அந்தந்த நாட்டுச் சட்டத்தைத்தான் புரட்ட வேண்டும்.

போர்பன் அமெரிக்காவில் மட்டுமே தயாரிக்கப்படும் விஸ்கி. பெரும்பகுதி கென்டக்கி மாநிலத்தில் உருவாகிறது. அதன் தானியக் கலவையில் மக்காச்சோளம் குறைந்தது 51 விழுக்காடு இருக்க வேண்டும் என்றும், வடித்தெடுக்கும்போது ஆல்கஹால் அளவு 80 விழுக்காட்டையும் பீப்பாயில் ஊற்றும்போது 62.5 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது என்றும், பீப்பாய் உட்புறம் கருக்கப்பட்ட புதிய ஓக் மரத்தால் ஆனதாக இருக்க வேண்டும் என்றும், நிறமோ சுவையூட்டியோ சேர்க்கக் கூடாது என்றும் அந்நாட்டு விதி வரையறுக்கிறது. வடிப்புக்கு உச்சவரம்பு வைத்ததற்குக் காரணம் உண்டு: ஆல்கஹால் செறிவு கூடக்கூடத் தானியத்தின் மணம் குறைந்து, எதிலிருந்து வடித்தது என்றே தெரியாத வெறும் சாராயம் மிஞ்சும். 'ஸ்ட்ரெய்ட்' என்ற அடைமொழி பெற இரண்டாண்டு பீப்பாய் வாசம் கட்டாயம். நான்காண்டுக்குக் குறைந்திருந்தால் வயதை லேபிளில் அச்சிட்டாக வேண்டும். அமெரிக்க விஸ்கி என்றதும் பலர் கேட்கும் ஜாக் டேனியல்ஸ் தன்னை 'டென்னசி விஸ்கி' என்றே அழைத்துக்கொள்கிறது. பீப்பாய்க்குப் போகுமுன் மேப்பிள் மரக்கரி வழியே சொட்டுச் சொட்டாக வடிகட்டப்படுவதே அதன் முக்கிய வேறுபாடு.

புதிய பீப்பாய் என்ற நிபந்தனைதான் போர்பனின் குணத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. மரத்துக்கு இறுக்கம் தரும் லிக்னின் என்ற பொருள் நெருப்பில் சிதைந்து வெனிலா மணம் தரும் வெனிலினாக மாறுகிறது. மரத்தின் வேறு சில பொருட்கள் சர்க்கரையாகிக் கருகிய பாகின் சுவையைத் தருகின்றன. உட்புறக் கரிப்படலமோ சாராயத்தில் உள்ள கந்தக வாடையை உறிஞ்சிக்கொள்கிறது. புது மரம் தன் சாற்றை வேகமாக விட்டுக்கொடுப்பதால் ஆறாண்டுப் போர்பன் முழுமை பெற்றிருக்கக்கூடும், இருபதாண்டுப் போர்பனில் மரத்தின் கசப்பு மேலோங்கியும் விடலாம். எனவே பன்னிரண்டு ஆண்டு ஸ்காட்சையும் ஆறாண்டுப் போர்பனையும் வயதை மட்டும் வைத்து ஒப்பிடுவது பிழையான கணக்கு.

ஸ்காட்ச் விதிகள் வேறொன்றை வலியுறுத்துகின்றன: ஸ்காட்லாந்திலேயே வடிக்கப்பட்டு, அங்கேயே ஓக் பீப்பாயில் மூன்றாண்டுகளாவது இருந்திருக்க வேண்டும். பீப்பாய் பழையதாக இருக்கலாம், நிறத்துக்காகச் சாதாரணக் காராமல் சேர்க்கலாம். அயர்லாந்தும் மூன்றாண்டுகளே கேட்கிறது. போர்பனுக்கு ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய் மறுமுறை உதவாது என்பதால் அது கப்பலேறி ஸ்காட்லாந்துக்கும், பெங்களூருவின் அம்ருத், கோவாவின் பால் ஜான் ஆலைகளுக்கும் போய்ச் சேருகிறது. போர்பனை ஒருநாளும் வாங்காதவரும் அதன் மரவாசனையை வேறு புட்டியில் ருசித்திருப்பார்.

2004இல் கிளாஸ்கோவில் முதலில் அறிமுகமான அம்ருத் சிங்கிள் மால்ட், முளைகட்டிய பார்லியை மட்டுமே கொண்டு ஒரே ஆலையில் வடிக்கப்படுவது. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு ஆவியாக, பெங்களூரு வெப்பத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் ஆவியாகிறது. அதனாலேயே நான்கைந்து ஆண்டுகளில் அது முதிர்ந்துவிடுகிறது. குவார்ட்டர் புட்டியின் கதை முற்றிலும் வேறு. மலிவான இந்திய விஸ்கிகளின் அடிப்படை, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸ் பாகிலிருந்து மிக உயர்ந்த செறிவில் வடிக்கப்படும் மணமற்ற சாராயமே. அதில் சிறிதளவு மால்ட் விஸ்கியோ வாசனைப் பொருளோ கலந்து, ஆல்கஹாலை 42.8 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்து அடைக்கிறார்கள். இந்திய விதிகள் இதை விஸ்கி என்று ஏற்கின்றன. தானியத்தை மட்டுமே விஸ்கியின் மூலமாக ஒப்புக்கொள்ளும் ஐரோப்பிய ஒன்றியத்தில் அதே புட்டியை அப்பெயரில் விற்க முடியாது.

விலைக்கு வருவோம். வெளிநாட்டு விஸ்கிக்கு இந்தியா நெடுங்காலம் 150 விழுக்காடு சுங்கம் விதித்துவந்தது. 2025 பிப்ரவரியில் போர்பனுக்கு மட்டும் அது 100 விழுக்காடாகக் குறைந்தது. அதே ஆண்டு ஜூலை 24இல் கையெழுத்தான இந்திய-பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம், ஸ்காட்சுக்கான வரியை முதலில் 75 ஆகவும் பத்தாண்டுகளில் 40 ஆகவும் குறைக்க வழி செய்கிறது. துறைமுகத்தில் ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள புட்டி 150 விழுக்காட்டில் 2,500 ரூபாயாகவும், 100 விழுக்காட்டில் 2,000 ரூபாயாகவும் ஆகும். மது சரக்கு மற்றும் சேவை வரிக்கு வெளியே இருப்பதால் அதன்மேல் மாநிலத்தின் தீர்வையும் மதிப்புக் கூட்டு வரியும் தனியே ஏறும். அமெரிக்க மளிகைக் கடைகளில் அன்றாடச் சரக்காகக் கிடைக்கும் ஜிம் பீம் போன்ற போர்பன் இங்கு விருந்துக்குரிய பொருளாக உயர்ந்து நிற்பது இப்படித்தான். மொத்தச் சரக்காக இறக்குமதி செய்து இந்தியாவில் புட்டியில் அடைக்கப்படும் ஸ்காட்ச் வகைகள் சற்று மலிவாக இருப்பதும் இந்தக் கணக்கின் விளைவே, தரக்குறைவின் அடையாளமல்ல.

விளம்பரத்தில் அமெரிக்கர்கள் கைதேர்ந்தவர்கள். போர்பன் லேபிள்களில் அடிக்கடி தென்படும் 'ஸ்மால் பேட்ச்' என்ற தொடருக்கு அங்கே சட்டப்படியான அளவு எதுவும் இல்லை. பப்பி வான் விங்கிள், டபிள்யூ.எல். வெல்லர் ஆகிய இரண்டு போர்பன்களுமே பஃபலோ டிரேஸ் ஆலையில் கோதுமை சேர்த்து வடிக்கப்படுபவை. முன்னது மறுவிற்பனையில் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போவதற்கு வயதும் தேர்வும் ஓரளவே காரணம், கிடைக்காமையும் புகழும் பெருங்காரணம். அயோவா மாநிலத்து ஊர்ப்பெருமை பேசி விற்ற டெம்பிள்டன் ரை விஸ்கி, உண்மையில் இண்டியானாவின் பெரிய ஆலையொன்றில் வடிக்கப்பட்டது என்பது வழக்காகி, 2015இல் சமரசத்தில் முடிந்தது.

தமிழ்நாட்டில் இந்த வித்தைக்கு இடம் குறைவு. 1983இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக், 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன் கையில் வைத்திருப்பதால், எந்தச் சரக்கு கடைக்கு வரும் என்பது குடிப்பவரின் விருப்பத்துக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. தொலைக்காட்சியில் மது விளம்பரம் தடைசெய்யப்பட்டதால் நிறுவனங்கள் சோடாவையும் இசைத்தட்டையும் முன்னிறுத்திப் பெயரை மட்டும் பரப்பின. அவற்றுள் புகழ்பெற்ற மெக்டொவல்ஸ், 1826இல் ஆங்கஸ் மெக்டொவல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சென்னையில் தொடங்கிய வணிகத்தின் பெயர். 1951இல் விட்டல் மல்லையாவின் கைக்கு மாறி இன்று டியாஜியோ குழுமத்தில் இருக்கிறது.

ஸ்காட்லாந்து வாசம் வீசும் பெயர்கள் மீதான மோகம் நீதிமன்றமும் ஏறியது. பெங்களூருவின் கோடே நிறுவனம் 1968இல் அறிமுகப்படுத்திய 'பீட்டர் ஸ்காட்' என்ற பெயரை ஸ்காட்ச் விஸ்கி சங்கம் எதிர்த்தது. பெயர் வைத்த ஊழியரின் தந்தை ஸ்காட்லாந்துக்காரர் என்பது நிறுவனத்தின் விளக்கங்களுள் ஒன்று. சென்னை உயர் நீதிமன்றத்தில் வென்ற சங்கம் 2008 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. வழக்குத் தொடுக்க நெடுங்காலம் தாமதித்தது ஒரு காரணம். இத்தகைய சரக்கை வாங்குவோர் படித்தவர்கள், வேறுபாடு அறிந்தவர்கள் என்பது மற்றொன்று. கிண்டியில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் ஸ்காட்ச் விஸ்கி இப்போது பதிவு பெற்றிருப்பதால், அந்தப் பெயருக்கு இங்கே காவல் கிடைத்துவிட்டது. வாங்குவோரின் அறிவை நீதிமன்றம் நம்பிய அளவுக்குத் தயாரிப்பாளர்கள் நம்பவில்லை போலும்: மொலாசஸ் சாராயம் எவ்வளவு, மால்ட் எவ்வளவு என்ற விகிதத்தைப் பெரும்பாலான உள்ளூர்ப் புட்டிகளின் லேபிள் இன்றும் சொல்வதில்லை.