இரும்புக்குக் கணக்குப் பார்க்கும் கொண்டை ஊசி

சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில் விலை கேட்கும் முன்பே கை செவுளைத் தூக்கிப் பார்த்துவிடும். பளீரென்று சிவந்திருந்தால் பேரம்; பழுப்பேறியிருந்தால் அடுத்த கடை. அந்தச் சிவப்பு ஹீமோகுளோபினுடையது, அதன் நடுவில் இருப்பது இரும்பு. உயிரோடிருந்தவரை அந்த மீன் இரும்பை நிர்வகித்த விதமும், அதை வாங்கிப்போகிறவர் உடம்பு நிர்வகிக்கும் விதமும் ஒன்றேதான்.

இரும்பில்லாமல் செல் பிழைக்காது. கட்டில்லாமல் திரியும் இரும்போ டி.என்.ஏ.வையே சிதைத்துவிடும். மிஞ்சியதைப் பூட்டிவைக்கத்தான் ஃபெரிட்டின் என்ற புரதம். 24 துண்டுகள் கூடிய கூடு. உள்ளே சுமார் 4,500 இரும்பு அணுக்கள் வரை அடங்கும். பள்ளியில் வாராவாரம் தரும் நீல மாத்திரையின் இரும்பு குடல் செல்லுக்குள் வந்து இறங்கியபின் மரபணுவை எழுப்பி நகலெடுக்க ஆரம்பித்தால் நேரமாகிவிடும். அதனால் செல் தூது ஆர்.என்.ஏ. நகல்களை முன்கூட்டியே எடுத்து, வேலை செய்யவிடாமல் நிறுத்தி வைத்திருக்கிறது.

பிடி நகலின் முன்பக்கத்தில். புரதத்துக்கான குறிப்பு தொடங்கும் முன்பே சுமார் 30 எழுத்துகள் தமக்குள் மடங்கி, கொல்லிமலைப் பாதைபோல் கொண்டை ஊசி வளைவாக நிற்கின்றன. ஆய்வாளர்கள் இதை 1987-இல் கண்டறிந்தார்கள். இரும்பு குறைந்தால் ஐ.ஆர்.பி. என்னும் புரதம் அந்த வளைவைக் கவ்விக்கொள்ளும். புரதம் கட்டும் ரைபோசோமின் சிறிய பாதி வந்து உட்கார முடியாது. (பாக்டீரியாவில் அந்தச் சிறிய பாதியின் அமைப்பை அணு அணுவாகக் காட்டியவர்தான் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், 2009-இல் நோபல்.) இரும்பு பெருகினால் ஐ.ஆர்.பி.யில் ஒரு வகை இரும்பும் கந்தகமும் சேர்ந்த கொத்தை ஏந்திக்கொண்டு பிடியை விடும். இன்னொரு வகையைச் செல்லே அழித்துவிடும். ஃபெரிட்டின் உற்பத்தி தொடங்கிவிடும்.

சாமர்த்தியம் இனிமேல்தான். இரத்தத்திலிருந்து இரும்பை உள்ளே இழுக்கும் ஏற்பிக்கும் ஒரு தூது ஆர்.என்.ஏ. உண்டு. அதில் இதே வளைவுகள் ஐந்து, ஆனால் வால் பக்கத்தில். இரும்பு குறையும்போது அதே ஐ.ஆர்.பி. அங்கே ஒட்டினால், நகலை வெட்டித் தள்ளும் நொதிக்கு வழி அடைபடும். நகல் நீடிக்கும், ஏற்பி பெருகும். முன்னால் நின்றால் தடை, பின்னால் நின்றால் காவல்!

ஃபெரிட்டின் நகலின் வளைவில் ஓர் எழுத்து மாறினாலே போதும், வினை வரும். ஃபெரிட்டினில் பழுதில்லை, தடைதான் இல்லை. அது கண் வில்லையில் சேர்ந்து இளவயதிலேயே புரை விழும். 1995-இல் இதன் காரணம் புரிந்தது. இரத்தப் பரிசோதனையில் ஃபெரிட்டின் எகிறியிருக்கும், உடம்பில் இரும்போ அளவாகத்தான் இருக்கும். அதை அறியாமல் இரும்பு மிகுதி என்று இரத்தத்தை வெளியேற்றினால், நோயாளிக்குச் சோகைதான் மிஞ்சும்.