கடை விளக்கைக் காக்கும் கம்பிச் சுருள்



கரண்ட் போனால் நமக்கு என்ன நஷ்டம் என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பாலும் தயிரும் கெடும். பில் போடும் கம்ப்யூட்டர் நிற்கும். மில்லில் பாதி அரைத்த மாவு கல்லுக்குள்ளேயே கிடக்கும். ஆனால் எங்கோ தொலைவில் உயர் அழுத்தக் கம்பியில் மின்னல் தாக்கியும் நம் கடை விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறதே, அது எப்படி என்று நாம் கேட்பதில்லை. அதில் ஷண்ட் ரியாக்டர் என்ற சாதனத்துக்கும் பங்கு உண்டு. அணு உலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எண்ணெய்த் தொட்டிக்குள் இருக்கும் கம்பிச் சுருள்தான் இது. பார்வைக்குப் பெரிய டிரான்ஸ்பார்மர் போல இருக்கும்.

மில் நடத்தும் நம் உறுப்பினர்களுக்குக் கெப்பாசிட்டர் தெரியும். பவர் ஃபேக்டர் குறையாமலிருக்க மோட்டாரோடு மாட்டுகிறோம். ரியாக்டர் அதற்கு நேர் எதிரான வேலையைச் செய்வது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் 400, 765 கிலோவோல்ட் தடங்கள் தாமே ஒரு பெரிய கெப்பாசிட்டர் போல நடந்துகொள்ளும். நள்ளிரவில் சுமை குறைந்தால் கம்பியின் கடைக்கோடியில் அழுத்தம் அளவுக்கு மேல் ஏறும். அதைக் கட்டுக்குள் வைப்பது ரியாக்டரின் முதல் வேலை.

இரண்டாவது வேலை பழுது நேரத்தில். மூன்று பேஸ் கம்பிகளில் ஒன்றிலிருந்து மட்டும் தரைக்கு மின்சாரம் பாய்வதே பெரும்பாலான பழுதுகள். கம்பி அறுந்திருக்காது. காற்றின் வழியே ஒரு மின்சுடர் பாய்ந்திருக்கும். சுடர் அணைந்தால் கம்பி பழையபடி நல்ல கம்பிதான். ஆகவே அந்த ஒரு பேஸை மட்டும் துண்டித்து, சுமார் ஒரு நொடி பொறுத்து, தானாகவே மீண்டும் இணைக்கும் ஏற்பாடு உண்டு. அதுவரை மற்ற இரண்டு பேஸ்கள் தாங்கும். நமக்குத் தெரிவதுகூட இல்லை.

ஆனால் ஒரு சிக்கல். பக்கத்தில் ஓடும் அந்த இரண்டு கம்பிகளிலிருந்தும் துண்டித்த கம்பிக்குக் கொஞ்சம் மின்சாரம் கெப்பாசிட்டர் வழியே வருவதுபோல் வந்து சேரும். அதுவே சுடருக்குத் தீனி. சுடர் அணையாமல் இணைத்தால் பழுது திரும்பும், தடம் முழுவதும் போகும். மூன்று ரியாக்டர்களின் அடிமுனைகளை ஒன்றுசேர்த்து, தரைக்குப் போகும் வழியில் நான்காவதாக ஒரு சிறு ரியாக்டரை வைத்தால் இதைத் தீர்க்கலாம் என்று அமெரிக்கப் பொறியாளர் கிம்பார்க் 1964-ல் விளக்கினார். வந்து சேரும் மின்சாரத்தை இந்த ஏற்பாடு பற்று வரவு போல நேர்செய்துவிடும். தீனி இல்லாத சுடர் அணையும்.

ஒரு தடம் போனால் என்ன குடி முழுகிவிடும் என்று எண்ண வேண்டாம். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் மத்தியப் பிரதேசத்தின் பீனா-குவாலியர் 400 கிலோவோல்ட் தடம் துண்டிக்கப்பட்டது. உண்மையில் அங்கே பழுதே இல்லை. மிகுந்த சுமையைப் பாதுகாப்புக் கருவி பழுதென்று கொண்டுவிட்டது. அந்தச் சுமை மற்ற தடங்கள் மேல் விழ, அவையும் ஒவ்வொன்றாகப் போயின. 31-ஆம் தேதி வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மாநிலங்களில் 60 கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி இருண்டது. தென்னகம் அன்று தப்பியது. 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடத்தின் வழியே நாமும் அந்தத் தொகுப்போடு சேர்ந்துவிட்டோம். வெளியூர் மின்சாரம் வரும் வழியில் வெளியூர்ப் பழுதும் வரலாம்.

நம் தெருவில் அடிக்கடி கரண்ட் போவது பெரும்பாலும் தெரு டிரான்ஸ்பார்மர், 11 கிலோவோல்ட் லைன் விவகாரம். அதற்கு இந்த ரியாக்டர் மருந்தல்ல. ஆனால் நம் கையில் ஒன்று உண்டு. உயர் அழுத்தக் கம்பிக்கு அடியில் கிடங்கு ஷெட் போடாதீர்கள். சரக்கை உயர அடுக்காதீர்கள். பழைய சாக்கையும் அட்டையையும் அங்கே எரிக்காதீர்கள். தீயும் புகையும் கம்பிக்குக் கீழே இருக்கும்வரை, ஒரு நொடி பொறுத்து இணைத்தாலும் பழுது திரும்பி வரும். உயிருக்கும் ஆபத்து. மின்னலை நம்மால் தடுக்க முடியாது, இதைத் தடுக்கலாம்.